சுடுகாட்டுப் பூவும் அம்சவேணியின் விரலும்

அம்சவேணிக்குக் கோபம் வராத நாள் ஒன்று இருந்ததாகப் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் நினைவில்லை. குழாயடியில் யாராவது வரிசையைத் தாண்டிக் குடத்தை வைத்தால் கோபம். சாமி புறப்பாடு வருகிறதென்று பிரசவ வலிக்காரியை ஏற்றிவந்த வண்டியை ஓரம் கட்டச் சொன்னால் கோபம். அவளுடைய கோபத்துக்கு ஒரு குணம் உண்டு. காரணம் இல்லாமல் அது கிளம்பாது. ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமில்லாததால் கோபத்துக்கும் ஓய்வில்லை.

மாகறலில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். குமாரசாமிக்கு வாழ்க்கைப்பட்டு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் பட்டு நூலைத் தொட்டாள். தொட்ட கை அதற்கென்றே பிறந்த கையாகிவிட்டது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அடுத்த பாவை ஏற்ற வேண்டும். அதற்குப் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் விரலால் திரித்துச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் தலைமயிரை விட மெல்லியது. பாவு பிணைப்பது என்பார்கள். கண்ணைவிட விரல்தான் இதில் வேலை செய்யும். அம்சவேணி பிணைத்த பாவில் இழை நழுவியது என்று எந்தத் தறிக்காரனும் வந்து நின்றதில்லை.

இழை வழுக்காமல் இருக்க விரல் நுனியில் சாம்பல் தொட்டுக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் கோயில் விபூதியை முதலில் நெற்றியில் பூசி, மிச்சத்தை விரலுக்கு எடுப்பார்கள். இவள் அடுப்புச் சாம்பலைச் சலித்து வைத்துக்கொள்வாள். "நெத்தியா இழை பிணைக்குது?" என்று கேட்பாள்.

வீட்டுக்கு எதிரே பகுத்தறிவு பேசும் கட்சிக்காரர்களின் படிப்பகம் இருந்தது. பெண்கள் உள்ளே போய் உட்காரும் பழக்கம் இல்லை. அம்சவேணி வாசற்படியில் நின்று நேற்றைய தாள்களைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். பெண் விடுதலையைப் பற்றி வந்த கட்டுரையையும் அப்படித்தான் வெளியே நின்று வாங்கினாள். அதற்கும் ஒரு கோபம் தனியாக இருந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு அவள் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பியது. வலி இல்லை. பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல். காலையில் எழுந்தால் புடவை வேர்வையில் ஊறிக் கிடக்கும்.

மாமியார் செல்லியம்மாள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். அவள் கண்ணீரும் அன்புமாக மருமகளின் கையைப் பிடித்து ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பூசாரி கழுத்தில் எலுமிச்சம்பழத்தை உருட்டினார். ஒரு வைத்தியர் எதையோ அரைத்துப் பற்றுப் போட, தோல் வெந்தது. கூரம் பக்கத்தில் ஒருவர் வேப்பிலையால் தடவித் தடவிக் கட்டியைக் கீழே இறக்குவதாகச் சொன்னார்.

"எறக்கிட்டாரு அத்தே," என்றாள் அம்சவேணி வீட்டுக்கு வந்ததும். "அக்குள்ல வந்து உக்காந்துக்கினு இருக்குது. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்த செல்லியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்குளிலும் புதிதாக ஒன்று வந்திருந்தது.

மறுநாள் அம்சவேணி யாரையும் கேட்காமல் பட்டணத்துக்குப் பேருந்து ஏறினாள். குமாரசாமி தறிக்குழியிலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து ஏறினான். அவன் நல்லவன்தான். அதிர்ந்து பேச மாட்டான். எதையும் யாரிடமும் உடனே சொல்லிவிட மாட்டான் என்பதுதான் அவனிடம் இருந்த நல்ல குணமும் கெட்ட குணமும்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கழுத்துக் கட்டியிலிருந்து துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். பரிசோதனை முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் அவளைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரை உள்ளே வரச் சொல்லுங்க," என்றார்.

"கட்டி என் கழுத்துலதானுங்க இருக்குது," என்றாள் அவள்.

"தெரியும்மா. நீங்க வெளியே உட்காருங்க."

கதவு சாத்தப்பட்டது. சொந்தக் கழுத்தைப் பற்றிய பேச்சு நடக்கும் அறைக்கு வெளியே அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இந்த நாட்டில் ஒரு பெண்ணுக்கு வியாதி வந்தால் வியாதி அவளுக்கு, விவரம் புருஷனுக்கு. இதை யார் சட்டமாகப் போட்டார்கள் என்று கேட்டால் யாரும் போடவில்லை. எல்லாரும் இரக்கத்தால்தான் செய்கிறார்கள். இரக்கத்தோடு எவ்வளவு பெரிய அநியாயத்தையும் செய்துவிடலாம்.

வெளியே வந்த குமாரசாமியின் முகத்தில் ரத்தம் இல்லை.

"இன்னா வியாதியாம்?"

"ஒண்ணுமில்ல. நெறிக்கட்டு. கொஞ்ச மாசம் ஊசி போடணுமாம், மாத்திரை இருக்குதாம்."

"ஏங்க, இந்தக் கட்டடத்து வாசல்ல புற்றுநோய்ப் பிரிவுன்னு இத்தாம் பெரிய எழுத்துல எழுதியிருக்குது. எனக்குப் படிக்கத் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் உள்ளே என்ன பேசினார்கள் என்பதை அவள் கேட்டும் அவன் சொல்லவில்லை. "உனக்கு நல்லா ஆய்டும்னாரு, அவ்ளோதான்," என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அந்த ஊசி மருந்து எதிலிருந்து வருகிறது என்று சொன்னவர் கம்பவுண்டர் அந்தோணி. கையில் வைத்திருந்த சின்னச் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"நித்தியகல்யாணி தெரியுமா உங்களுக்கு? ரோசாவும் வெள்ளையுமா பூக்குமே. அதோட எலையில இருந்து எடுக்கறது."

"சுடுகாட்டுல பூக்குமே, அதுவா?" என்றான் குமாரசாமி.

"எங்க பூத்தா இன்னாப்பா? நம்ம நாட்டு எலையும் வேரும் மூட்டை மூட்டையா கப்பல் ஏறுது. ஒரு மூட்டையக் காய்ச்சினா ஒரு சிட்டிகைகூடத் தேறாதாம். அதச் சீசாவுல அடைச்சு நமக்கே திருப்பி அனுப்பறான்."

"எலை நம்முது, காய்ச்ச மட்டும் நமக்குத் தெரியல," என்றாள் அம்சவேணி. மருந்து ஏறுவதற்கு முன்பே அவளுக்குக் கோபம் ஏறியிருந்தது. ஆனால் சீசாவை அவள் வெகுநேரம் பார்த்தாள். மந்திரமும் எலுமிச்சம்பழமும் இல்லாமல், ஓர் இலையைப் பிரித்து, அதற்குள் எது வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த ஆட்கள் எங்கோ இருக்கிறார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூடி வைக்க வேண்டியதை மூடி வைக்கத் தெரிந்த குமாரசாமிக்கு எதை மூட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மருந்து எந்தப் பூவிலிருந்து வருகிறது என்பதைச் சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

காஞ்சிபுரத்தில் அந்தப் பூ வேகவதி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்கும். யாரும் பறிக்க மாட்டார்கள், தலையில் வைக்க மாட்டார்கள். விவரம் தெரியாத குழந்தை பறித்து வந்தால் பூவை வீசிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். தறி இருக்கும் வீட்டில் இது இன்னும் கறாராக நடக்கும். புதுப் பாவு ஏற்றும் நாளில் நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, தாலி அறுத்தவர்களை எதிரில் வராமல் ஒதுக்கி வைத்து (இந்தக் கொடுமையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்) இழையைத் தொடுவார்கள். அதிலும் முகூர்த்தப் புடவைப் பாவென்றால் கேட்கவே வேண்டாம்.

"சுடுகாட்டுப் பூவ ரத்தத்துலயே ஏத்தறாங்களாடா?" என்றாள் செல்லியம்மாள்.

அந்த ஒரு வாக்கியம் சாயங்காலத்துக்குள் தெருவின் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது.

வரதராஜன் மூன்று தறி வைத்திருந்தவர். அம்சவேணிக்கு மூத்தவர். தன் தறிகளுக்குப் பாவு பிணைக்க இவளைத் தவிர வேறு ஆளைக் கூப்பிட்டதில்லை. படிப்பகத்தின் செயலாளரும் அவர்தான். ஒரு காலையில் வந்து வாசலிலேயே நின்றார்.

"அம்சா, நாளைக்கு நீ வர வேணாம்மா. தணிகாசலத்தக் கூப்ட்டுட்டேன்."

"தணிகாசலத்துக்குக் கண்ணே தெரியாதே அண்ணே. போன தடவ வேற தறியில அவன் பிணைச்சதுல பாதி அவுந்துபோச்சுன்னு யாரோ ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாங்க. நீயில்ல?"

"அது வந்து, இது முகூர்த்தப் புடவ பாரு."

"முகூர்த்தப் புடவன்னா அவுந்தா பரவாயில்லயா?"

"உனக்குத் தெரியாததா? நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல. ஆனா பொண்ணு வூட்டுக்காரங்க காதுல வுழுந்துச்சின்னா, சுடுகாட்டுப் பூ ஓடற கையால பிணைச்ச பாவுன்னு புடவையத் திருப்பிடுவாங்க. பொழப்பு இருக்குதுல்ல."

"போன மாசம் கறுப்புச் சட்ட போட்டுக்கினு மேடையில இன்னா பேசுன? ராகுகாலமாவது, எமகண்டமாவதுன்னு. நான் கைதட்டுனேன்."

"மேடை வேறம்மா. தறி வேற."

செல்லியம்மாள் பேசினால் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று விடலாம். பகுத்தறிவைப் பலகையில் எழுதி மாட்டியவர், உண்மை எது என்று தெரிந்துகொண்டே பயத்துக்குக் குடை பிடிக்கிறார். இதைத்தான் அம்சவேணியால் தாங்க முடியவில்லை. வரதராஜன் நிறுத்தியதும் மற்ற தறிக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவளுக்கு மிஞ்சியது குமாரசாமியின் ஒரே தறி. அதையும் தொட வேண்டாம் என்று மாமியார் அழுதாள். குமாரசாமி மட்டும், "அவ பிணைச்சாத்தான் நான் நெய்வேன்," என்றான். அவன் வாயைத் திறந்து உருப்படியாகச் சொன்ன சில வார்த்தைகளில் அது ஒன்று.

மருந்து வேலை செய்தது. கட்டிகள் சுருங்கின, காய்ச்சல் நின்றது. தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அவள் முந்தானையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில், சொந்தத் தறிக்குப் பாவு பிணைக்க உட்கார்ந்தபோது, சாம்பலைக் கிள்ளிய விரலுக்குச் சாம்பல் தெரியவில்லை. கிள்ளியிருக்கிறோமா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இழையை எடுத்தாள். விரல் நுனியில் கம்பளி சுற்றியது போல இருந்தது. திரித்தாள். திரிந்ததா என்று தெரியவில்லை. இழுத்ததும் இரண்டு முனையும் தனித்தனியாகக் கையோடு வந்தன.

அவள் இழையைத் தூக்கி உதட்டில் வைத்துப் பார்த்தாள். உதட்டுக்கு இழை தெரிந்தது. அந்தப் பாவு முடியும்வரை ஒவ்வொரு இழையையும் உதட்டில் தொட்டுத் தொட்டுப் பிணைத்தாள். யாராவது வந்தால் வாயைத் துடைப்பது போலச் செய்தாள். ஒரே நாளில் முடிப்பவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. கேட்டால், ஊசி போட்ட அசதி என்றாள்.

அடுத்த ஊசிக்குப் போகும் வழியில் பூந்தமல்லியில் பேருந்து மாறும்போது ஒரு காலில் செருப்பில்லாமல் ஏறினாள். அது கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. "செருப்பு எங்க?" என்று குமாரசாமி கேட்டதற்கு, "அறுந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள். அவன் அவள் காலையே பார்த்தான்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை, டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று பின்னால் பலரும் கேட்டார்கள். எப்படிச் சொல்வாள்? சுடுகாட்டுப் பூ ஏறிய கை பட்டுக்கு ஆகாது என்று தெருவே சொல்லிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்தக் கை உண்மையிலேயே பட்டுக்கு ஆகாமல் போய்க்கொண்டிருக்கிறது. சொன்னால் செல்லியம்மாள் சொன்னது சரி, வரதராஜன் பயந்தது சரி, இவள் வாசற்படியில் நின்று வாங்கிப் படித்ததெல்லாம் தப்பு. மூட நம்பிக்கைக்குத் தன் கையாலேயே சாட்சி சொல்வதா? மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். காரணத்தைத் தேடிப் போய்க் கேட்க வேண்டிய நேரத்தில், தோற்றுவிடக் கூடாது என்பதே அவளுக்குப் பெரிதாகிவிட்டது. அறிவுள்ளவர்கள் செய்யும் முட்டாள்தனம் இது. மற்ற முட்டாள்தனத்தைவிட இதற்கு ஆயுசு அதிகம்.

பெரிய டாக்டர் ஒவ்வொரு முறையும், "எப்படி இருக்காங்க?" என்று குமாரசாமியைத்தான் கேட்டார். "நல்லா இருக்கறா சார்," என்று அவனும் சொன்னான். கேட்கப்படாதவள் சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

அந்தப் பிரிவில் ஜஹனாரா என்று ஓர் இளம் டாக்டர் புதிதாகச் சேர்ந்திருந்தாள். காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டைப் பெண். ஊர்ப் பேரைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்சவேணியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மருந்து கையில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? இந்தக் கட்டி இன்னாத்தத் தின்னு வளருது?"

ஜஹனாரா சிரித்தாள். "இதை எந்தப் பேஷண்டும் என்கிட்ட கேட்டதில்ல. ரத்தத்தைத்தான். கட்டி மிளகு அளவுக்கு மேல வளரணும்னா அதுக்குத் தனியா ரத்தம் வேணும். பக்கத்துல ஓடற ரத்தக்குழாயில இருந்து தனக்குன்னு புதுசா கிளை இழுத்துக்குதுன்னு அமெரிக்காவில ஒரு டாக்டர் எழுதியிருக்கார். ரெண்டு வருஷம்தான் ஆவுது. அந்தக் கிளைய வளர விடாம தடுத்துட்டா கட்டி பட்டினியாக் கிடக்கும்ங்கறார். நிறைய பேர் அவரைக் கேலி பண்றாங்க."

"இதுல கேலி பண்ண இன்னா இருக்குது? எங்க மாகறல்ல ஏரித் தண்ணிய யாருக்கும் தெரியாம வரப்ப வெட்டித் தன் கழனிக்கு இழுத்துக்குவானுங்க. வெட்டுன எடத்த அடைச்சா தானா காயுது."

"அதேதான்."

"இந்த ஊசி அந்த வெட்ட அடைக்குதா?"

"இந்த ஊசி கட்டியில இருக்கற அணு ஒண்ணு ரெண்டாப் பெருகறதத் தடுக்குது. அது உறுதி. ரத்தக்குழாயையும் தொடுதான்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. கலப்பைக் கிழங்கு தெரியுமில்ல, செங்காந்தள் பூ பூக்குமே?"

"தெரியாம? அதத் தின்னா ஆளு செத்துடும்."

"அதுல இருக்கற ஒரு சத்தை எலிக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க, எங்கப்பா சின்னவரா இருந்த காலத்துல. கட்டிக்குள்ள போற ரத்தக்குழாயெல்லாம் உடைஞ்சு கட்டியே கறுத்துப் போச்சு."

"அப்பறம் இன்னா? அதயே மனுஷனுக்கும் போட வேண்டியதுதானே."

"கட்டிய அடிக்கற அளவுக்குப் போட்டா எலியும் சேர்ந்து போவுது. அதான் வம்பு. செடியில மருந்து இருக்குது, விஷமும் அதேதான். கட்டிய மட்டும் பார்த்து அடிக்கற ஒண்ணை இன்னும் தேடிக்கினுதான் இருக்காங்க." அவள் எழுந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "உங்க விரல் எப்படி இருக்குது?"

அம்சவேணி மற்றக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "விரலுக்கு இன்னா?"

"மரத்துப் போவலியே? இந்த மருந்துக்கு நரம்புல அது வரும். மரத்தா உடனே வந்து சொல்லணும், அளவைக் குறைச்சுடலாம்னு முத நாளே உங்க வீட்டுக்காரர்கிட்ட பெரிய டாக்டர் சொன்னாராமே. எழுதி வெச்சிருக்கார்."

ஜஹனாரா அவள் கையைத் திருப்பி விரல் நுனியில் குண்டூசியால் குத்தினாள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல். ரத்தம் முத்தாக வந்தது. அம்சவேணி அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ஏன்ம்மா சொல்லல?"

"நீங்க ஏன்ம்மா கேக்கல?"

ஜஹனாரா பஞ்சை எடுத்து அவள் விரலைத் துடைத்தாள்.

குமாரசாமி வெளியே பெஞ்சில் இருந்தான். அவள் ஊசி எடுத்த கையைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு போய் எதிரில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"விரல் மரத்துப்பூடும்னு உன்னாண்ட சொன்னாங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"செருப்பு கழண்டப்பவே உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏய்யா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"சொல்லியிருந்தா நீ ஊசியே போட்டுக்க மாட்ட அம்சா." அவன் கண் கலங்கியிருந்தது. "கை போனா இன்னாத்துக்கு உசுரோட இருக்கணும்னு கேப்ப. உன்ன எனக்குத் தெரியாதா? எனக்கு நீ இருந்தா போதும். கை இல்லாட்டிப் போவட்டும்."

"அத நீயே முடிவு பண்ணிட்ட."

"பண்ணிட்டேன்."

முதல் நாளே சொல்லியிருந்தால் ஊசி வேண்டாம் என்றிருப்பாளா? அவளுக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்தக் கேள்வியை அவளிடமிருந்து பிடுங்கி இவன் மடியில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறான். அன்பால்தான். எல்லாரும் அன்பால்தான்.

பெரிய டாக்டர் முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். அவர் வழக்கம் போலக் குமாரசாமியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். "மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்ப வரும். தொடர்ந்தால் விரல் இன்னும் கெடும், நடையும் தள்ளாடலாம். என்ன சொல்றீங்க?"

"அவரக் கேக்காதீங்க," என்றாள் அம்சவேணி. "என் கழுத்து, என் கை. என்னாண்ட பேசுங்க. எனக்குக் காது நல்லாவே கேக்குது."

ஜஹனாரா மெதுவாகச் சொன்னாள், "சார், அதே செடியில இருந்து வர இன்னொரு மருந்துக்கு மாத்தலாமே. அது விரலை இவ்வளவு தொடாது."

"ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும்," என்றார் அவர்.

"குறைஞ்சா இன்னா ஆவும்?" என்று அம்சவேணி கேட்டாள்.

அவர் முதல்முறையாக நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். வந்தால் அன்றைக்கே இங்கே வர வேண்டும். ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்க்க வேண்டும்."

"மாத்துனா விரல் திரும்ப வருமா?"

"வரலாம். மாதக்கணக்கில் ஆகும். முழுசாக வரும் என்று சொல்ல மாட்டேன்."

"இப்படிச் சொன்னா எனக்குப் புரியுது. மாத்துங்க. காச்சல் வந்தா நானே பஸ் ஏறிடறேன். இனிமே எதுவா இருந்தாலும் மொதல்ல என்னாண்ட சொல்லுங்க. அவரு வெளிய உக்காரட்டும்."

குமாரசாமி போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஊருக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி உண்மையைச் சொன்னது. "ஆமா, விரல் மரத்துப்போச்சு. பூ சுடுகாட்டுல பூத்ததால இல்ல. மருந்து நரம்பத் தொட்டுடுச்சு. மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ போயிருக்காது. நான் சொல்லல. அது என் தப்பு." கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்கு அவள் பட்ட பாடு மருந்துக்குப் பட்டதைவிட அதிகம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், பூ சுடுகாட்டுப் பூவாயிற்றே என்று பேசிக்கொண்டார்கள்.

மழைக்காலத்தில் ஒருமுறை காய்ச்சல் வந்தது. கொட்டும் மழையில் முதல் பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். பிழைத்தாள். அடுத்த தை வந்தபோது கழுத்திலும் அக்குளிலும் ஒன்றும் இல்லை. மயிர் புதிதாக, முன்னைவிடச் சுருளாக முளைத்தது. விரல்களில் உணர்வு எறும்பு ஊர்வது போலத் திரும்பியது. வலது கை ஏறக்குறைய பழையபடி ஆனது. இடது கையில் இரண்டு விரல் பாதிதான் வந்தன.

ஆள் பிழைத்ததும் ஊர் தலைகீழாகப் புரண்டது. செல்லியம்மாள் சுடுகாட்டுக் கரையிலிருந்து அந்தச் செடியைப் பிடுங்கிவந்து வாசலில் துளசிக்குப் பக்கத்தில் நட்டுச் சாயங்காலம் விளக்கு வைத்தாள். வயிற்றுக் கட்டிக்காரியும் மூலக்காரனும் வந்து இலை கேட்டார்கள். கஷாயம் வைத்துக் குடித்த ஒருத்தி இரண்டு நாள் வாந்தியெடுத்துக் கிடந்தாள்.

"அத்தே, இது வெசம். மூட்டை எலையக் காய்ச்சி ஊசிமுனை அளவு எடுத்து, அதயும் ரத்தம் பாத்துப் பாத்து ஏத்தறாங்க. நீ கை நெறைய குடுத்தனுப்பற."

"நீ பொழைச்சதே அந்தத் தாயாலதான் கண்ணு."

"எந்தத் தாயி? போன வருஷம் இதே தாயிக்குப் பயந்துதான் என்னத் தறியத் தொடாதேன்ன."

அம்சவேணி செடியை வேரோடு பிடுங்கித் தெருவில் போட்டாள். இலை கேட்டு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி விரட்டினாள். சிலர் போனார்கள். மற்றவர்கள் அவளுக்குத் திமிர் என்றார்கள்.

இந்த நிலையில்தான் வரதராஜன் மறுபடி வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"அம்சா, ஒரு முகூர்த்தப் புடவ வந்திருக்குது. பொண்ணு வூட்டுல உன் கையாலதான் பாவு பிணைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. எமனயே திருப்பி அனுப்புன கையாம். ராசியான கைன்னு ஊரே பேசிக்குது."

அவள் பொறுமையாகக் கேட்டாள். "எமன் எந்தப் பக்கமா வந்தான் அண்ணே? ஸ்ரீபெரும்புதூர் வழியா வந்தானா? நான் அந்த ரோட்டுல ஒரு வருஷம் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன், பாக்கலியே."

"கிண்டல் பண்ணாதம்மா. நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல."

"அப்பவும் இதத்தான் சொன்ன. இந்தக் கை நல்லாப் பிணைக்கும்னு ஒருத்தராவது சொன்னாங்களா?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"தெரிஞ்சத மட்டும் யாரும் சொல்ல மாட்டீங்க. கேட்டுக்கோ. எடது கையில ரெண்டு வெரல் சரியில்ல. முன்ன மாதிரி ஒரே நாள்ல ஆவாது. நழுவற இழைய மறுபடி பிணைக்கணும், நாள் புடிக்கும். அதுக்கு ஒத்துக்கினா வரேன். ராசிக்குன்னா வர மாட்டேன்."

"நீ வேலைக்குன்னு நெனச்சுக்கினு வா. அவங்க ராசிக்குன்னு நெனச்சுக்கட்டும். யாருக்கு இன்னா நட்டம்?"

"எனக்கு. வேலைக்குத்தான் கூப்பிடறேன்னு நீ சொல்லணும். இங்க இல்ல. படிப்பகத்து வாசல்ல நின்னு, உள்ள இருக்கறவங்க காதுல வுழற மாதிரி."

வரதராஜன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். போய்விடுவார் என்று குமாரசாமி நினைத்தான். அவர் தெருவைத் தாண்டிப் போய்ப் படிப்பகத்தின் வாசற்படியில் நின்று ஏதோ முணுமுணுத்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கேக்கல அண்ணே," என்றாள் அம்சவேணி தன் வாசலில் இருந்து.

"அம்சவேணி நல்லாப் பாவு பிணைக்கும், அதனால கூப்பிடறேன்," என்றார் அவர் சத்தமாக. முகம் சிவந்திருந்தது. "அது ராசிக்கு இல்ல. போதுமா?"

"போதும்."

பாவு ஏற்றும் நாளில் வரதராஜன் வீட்டுத் தறிக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அது அணையும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து முதல் இழையைத் திரித்தாள். நழுவியது. மறுபடி திரித்தாள். மறுபடியும் நழுவியது. பார்க்க வந்திருந்த பெண் வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை இழுத்துப் பார்த்தாள். நின்றது.

"சும்மா சுத்தி நின்னு வெளிச்சத்த மறைக்காதீங்க," என்றாள் தலையைத் தூக்காமல். "அந்தக் கதவ முழுசாத் தெறங்க."